அரசு பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் கிடையாதா? அப்போ விபத்து நடந்தா யார் காசு கொடுப்பாங்க?

லஸ் கார்னர் சிக்னலில் ஒரு ஸ்கூட்டரைப் போக்குவரத்து போலீஸ் ஓரம் கட்டுகிறார். லைசென்ஸ் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது, இன்சூரன்ஸ் மட்டும் போன மாதமே முடிந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 196வது பிரிவுப்படி முதல் தடவை என்றால் 2,000 ரூபாய் அபராதம். இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மாநகர பஸ் பக்கத்தில் உறுமிக்கொண்டு போகிறது. அதற்கும் இன்சூரன்ஸ் பாலிசி கிடையாது. ஆனால் அதை யாரும் ஓரம் கட்ட மாட்டார்கள். ஏன்னா, அது சட்டப்படி சரி.

ஜோக் இல்லை. மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் (எம்டிசி) சொந்த பஸ்கள் இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி இல்லாமல்தான் ஓடிவருகின்றன. தி.நகர், மந்தைவெளி, அடையாறு பக்கம் தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள், பஸ்ஸில் போகிறவர்கள், ரோட்டைக் கடக்கிறவர்கள் எல்லோருக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், கட்டாயம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146வது பிரிவு சொல்கிறது. அதே பிரிவுக்குள்ளேயே இரண்டு விலக்குகளும் இருக்கின்றன.

முதலாவது, வணிக நோக்கம் இல்லாத அரசு வாகனங்கள். போலீஸ் ஜீப், கலெக்டர் கார் எல்லாம் இதில் வரும். இவற்றுக்குக் காப்பீடு தேவையில்லை. இடித்தால் அரசே பொறுப்பு.

இரண்டாவது, உள்ளாட்சி அமைப்புகளின் வண்டிகளும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பஸ்களும். இவற்றுக்கு அரசு உத்தரவு போட்டு விலக்கு தரலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விபத்து இழப்பீடு கொடுப்பதற்கென்றே அந்த அமைப்பு தனியாக ஒரு நிதி வைத்திருக்க வேண்டும், அதைத் தொடர்ந்து பராமரிக்கவும் வேண்டும். மொத்தக் கதையும் இந்த நிபந்தனையைச் சுற்றித்தான்.

இது சென்னைக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. அரசுச் சொத்துகளை இன்சூர் செய்வதில்லை என்பதே மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள பொதுவான கொள்கை. விதிவிலக்கு வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும்.

ஏன் இப்படி? முட்டாள்தனமா?

இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயமாகவே தெரியும்.

ஒரே ஒரு பஸ் வைத்திருக்கும் முதலாளியை எடுத்துக்கொள்வோம். அந்த வண்டி ஒரு உயிரைப் பறித்துவிட்டால், வரும் இழப்பீட்டில் அவர் வீட்டை விற்க வேண்டியிருக்கும். அவருக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் முடியாது. எம்டிசியிடம் இருப்பதோ 3,000க்கும் மேற்பட்ட பஸ்கள். எந்த பஸ் எப்போது இடிக்கும் என்று தெரியாதே தவிர, வருஷத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய எவ்வளவு இழப்பீடு வரும் என்பதைப் பழைய கணக்கை வைத்து ஊகிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனி செய்வதும் அதே வேலைதான். ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் வாங்கி, விபத்து நடந்த சிலருக்குக் கொடுக்கிறது. நடுவில் ஏஜென்ட் கமிஷன், ஆபீஸ் செலவு, லாபம் எல்லாம் இருக்கிறது. நாமே அந்த அளவுக்குப் பெரிய கூட்டமாக இருக்கும்போது நடுவில் ஒருத்தர் எதற்கு? இந்த யோசனைக்குப் பெயர் சுயகாப்பீடு.

பிரீமியம் எவ்வளவு வரும்? 2022 ஜூனில் அமலுக்கு வந்த அறிவிக்கையின்படி, பள்ளி வாகனம் அல்லாத பஸ்ஸுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் அடிப்படையாக 14,343 ரூபாய், அதற்கு மேல் அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பயணிக்கும் 877 ரூபாய். 48 பேர் என்று வைத்தால் 56,439 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 3,000 பஸ்ஸுக்குப் பெருக்கினால் வருஷத்துக்குச் சுமார் 17 கோடி. ஒவ்வொரு வருஷமும், விபத்து நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்ட வேண்டும். நஷ்டத்தில் ஓடும் ஒரு கழகம் இதைக் கட்டத் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, சிக்கல் எங்கே?

நிதியில் பணம் இருந்தால்தான் அது சுயகாப்பீடு. பணம் இல்லாவிட்டால் அது வெறும் கடன். அந்தக் கடனை முன்பின் கேட்காமல் ஏற்றுக்கொள்பவர், அடிபட்டவரின் குடும்பம்.

இன்சூரன்ஸ் கம்பெனி என்றால் ஐஆர்டிஏஐ என்ற கண்காணிப்பாளர் இருக்கிறார். கொடுக்க வேண்டிய பொறுப்புகள் போக, கணக்கிடப்பட்ட குறைந்தபட்ச உபரி மூலதனத்தைப்போல் ஒன்றரை மடங்கு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. (அரசு இன்சூரன்ஸ் கம்பெனிகளில் சிலவே கடந்த சில ஆண்டுகளில் இந்த அளவைத் தொட முடியாமல் திணறியது வேறு கதை.) போக்குவரத்துக் கழகத்தின் விபத்து நிதிக்கு அப்படி ஒரு காவலாளி கிடையாது. டீசல், சம்பளம், ஓய்வூதியம் என்று தினமும் கதவைத் தட்டுகிற செலவுகளுக்கு நடுவே, கோர்ட்டில் தீர்ப்பாகி நிற்கும் இழப்பீடு வரிசையில் பின்னால் போய்விடுகிறது.

அதன் விளைவைத்தான் தமிழ்நாட்டு ஊர்ப் பக்கச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம்: 'இழப்பீடு வழங்காததால் அரசு பஸ் ஜப்தி'. தீர்ப்பு வந்தும் பணம் வராமல் போக, குடும்பத்தினர் நிறைவேற்று மனு போடுகிறார்கள். கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உத்தரவை நீட்டுகிறார். பயணிகள் இறங்கி அடுத்த வண்டியைத் தேட, பஸ் கோர்ட் வளாகத்தில் போய் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் பல வழக்குகளில் பணம் வருகிறது. அதாவது, கழகத்தின் நிதி மேலாண்மையை ஒரு அமீனா செய்துகொண்டிருக்கிறார். இது கௌரவமான ஏற்பாடு இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு பணத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்று நாடு முழுவதும் கோர்ட்டுகள் பின்பற்றும் தீர்ப்பு, உச்ச நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பு. அதில் எதிர்த்தரப்பு யார் தெரியுமா? டெல்லி போக்குவரத்துக் கழகம். இறந்தவர் 38 வயது விஞ்ஞானி. விபத்து நடந்தது 1988இல், இறுதித் தீர்ப்பு 21 வருஷம் கழித்து. பிறகு 2017இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பு, எதிர்கால வருமான உயர்வை எப்படிச் சேர்ப்பது என்று தெளிவாக்கியது.

ஒரு கற்பனை உதாரணம். சொந்தமாகத் தொழில் செய்து மாதம் 30,000 சம்பாதிக்கும் 28 வயதுக்காரர், முழுத் தவறும் பஸ் டிரைவர் மேல் இருக்கும் விபத்தில் இறந்துவிடுகிறார். அவரை நம்பி மனைவி, குழந்தை, அம்மா. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 42,000. அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 28,000. வருஷத்துக்கு 3,36,000. 26 முதல் 30 வயது வரை பெருக்கு எண் 17. ஆக 57,12,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு போன்றவை தனி.

இதற்கு 7.5 சதவீதம் வட்டி என்று தீர்ப்பானால், ஒரு வருஷம் தாமதித்தாலே 4,28,400 ரூபாய் கூடுகிறது. மாதத்துக்கு 35,700. இறந்தவரின் மாத வருமானத்தைவிட அதிகம். இழுத்தடிப்பதால் கழகத்துக்கும் லாபமில்லை. கடைசியில் அதுவும் டிக்கெட் காசிலிருந்தும் வரிப்பணத்திலிருந்தும்தான் போகிறது.

வேறு மாநிலங்கள் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்திருக்கின்றன. மகாராஷ்டிர அரசு போக்குவரத்துக் கழகம் 2016 முதல் டிக்கெட்டோடு 1 ரூபாய் விபத்து நிதிக்கென்று வாங்குகிறது. பயணிக்கு இது உதவும். பஸ் இடித்த ஸ்கூட்டர்காரருக்கு அல்ல.

நமக்கு நடந்தால்?

பஸ்ஸுக்குள் இருந்தாலும் சரி, வெளியே இருந்தாலும் சரி, டிரைவரின் அலட்சியம்தான் காரணம் என்றால் கழகம் பொறுப்பு. ஃபுட்போர்டில் தொங்கியது, ராங் சைடில் வந்தது மாதிரி உங்கள் பங்கும் இருந்தால், அந்த அளவுக்குத் தொகை குறையும்.

முதல் வேலை எஃப்ஐஆர். விபத்து தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த விதி. அனுப்பினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சென்னையில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்கு நீதிமன்றத்தில் இயங்குகிறது. விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். மனுவில் எதிர்மனுதாரர் இன்சூரன்ஸ் கம்பெனி அல்ல. பல்லவன் சாலையில் உள்ள கழகத்தின் நிர்வாக இயக்குநர். சட்டப்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போக வேண்டும். இந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

நடுவில் லோக் அதாலத் சமரசத்துக்கு அழைப்பு வரலாம். பணம் சீக்கிரம் வரும், தொகை பெரும்பாலும் குறையும். அங்கே ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது. மேலே போட்ட கணக்கை உங்கள் வருமானத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உட்காருவது நல்லது.

டூவீலர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. உங்கள் பாலிசியோடு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். உயிரிழப்பு, நிரந்தர ஊனம் என்றால் அது தவறு யாருடையது என்று பார்க்காமல், தீர்ப்புக்குக் காத்திருக்காமல் வரும் பணம்.

மின்சார பஸ் வந்தபிறகு?

2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து எம்டிசியின் மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. வெளியே எம்டிசி என்று எழுதியிருந்தாலும், வண்டி தனியார் நிறுவனத்துடையது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கிறது. 146வது பிரிவின் விலக்கு கழகத்துக்குச் சொந்தமான பஸ்ஸுக்குத்தான். தனியார் வண்டி என்றால் வழக்கமான காப்பீடு வேண்டும். அப்படிக் காப்பீடு உள்ள வண்டி, அரசுக் கழகத்துக்காக வாடகைக்கு ஓடும்போது இடித்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்று 2011இல் உத்தரப் பிரதேசக் கழக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் தனியார் ஒப்பந்தத்தில் ஓடும் குப்பை வண்டிகளுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்: வண்டி யார் பேரில் இருக்கிறது?

பதில் நம்பர் பிளேட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் போக்குவரத்துக் கழக பஸ்களுக்கு 'என்' வரிசையும் அரசுத் துறை வண்டிகளுக்கு 'ஜி' வரிசையும் வரும். எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் விவரமும் காட்டும். விபத்து நடந்த இடத்தில் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். அந்த நம்பர் பிளேட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.