கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்?

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம் சுங்கை பூலோ பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள் ஓடும். ஒன்று, யார் பிள்ளைக்கு எத்தனை ஏ. இன்னொன்று, ஏதோ ஒரு தனியார் கல்லூரியின் வண்ண விளம்பரம்: "100 விழுக்காடு வரை உபகாரச் சம்பளம், இடங்கள் குறைவு, இன்றே பதியுங்கள்". முதல் செய்திக்குக் கைதட்டிவிட்டுப் பெற்றோர் இரண்டாவதை மறுபடி மறுபடி பார்க்கிறார்கள். அந்த "வரை" மட்டும் கண்ணில் படுவதில்லை.

கட்டணம் கட்டாமல், அல்லது பேருக்குக் கட்டி, எஸ்.பி.எம். முடித்த பிள்ளை மேலே படிக்க இந்த நாட்டில் வழி இருக்கிறதா? இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உபகாரச் சம்பளம் என்ற பெயர் கிடையாது. வண்ண விளம்பரமும் வராது. அதனாலேயே கண்ணில் படாமல் போகின்றன.

வெளிநாட்டில் இதற்கென்றே பெயர் பெற்ற திட்டங்கள் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்றொரு ஊர். பெயர் சொல்ல விரும்பாத சில கொடையாளர்கள் 2005ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊர்ப் பொதுப்பள்ளியில் படித்து முடித்தால் போதும், மாநிலப் பொதுக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணத்தை நிதி கட்டிவிடும். தொடக்க வகுப்பிலிருந்தே அங்கே படித்தவருக்கு முழுத் தொகை, ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தவருக்கு 65 விழுக்காடு. மதிப்பெண் இத்தனை வேண்டும் என்றோ, அப்பாவின் சம்பளம் இவ்வளவு என்றோ நிபந்தனை இல்லை. டென்னசி மாநிலம் 2014இல் கொண்டுவந்த திட்டம் வேறு மாதிரி. அங்கே மற்ற அரசு உதவிகளையெல்லாம் முதலில் கழித்துக்கொண்டு, மீதி நிற்கும் கட்டணத்தை மட்டும் மாநிலம் தருகிறது. பருவத்துக்கு 8 மணி நேரம் சமூக சேவையும் செய்ய வேண்டும். இரண்டுமே இலவசம் என்றுதான் பேசப்படுகின்றன. ஆனால் ஏழைப் பிள்ளையின் கையில் மிஞ்சும் பணம் ஒன்றல்ல. டென்னசியில் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே கிடைக்கும் உதவியே பல நேரம் கட்டணத்தை அடைத்துவிடுவதால், புதுத் திட்டத்திலிருந்து வந்து சேர்வது கொஞ்சம்தான்.

நம் நாட்டில் ஊரைப் பார்த்துக் கொடுக்கும் பழக்கம் இல்லை. இங்கே பார்ப்பது மதிப்பெண், குடும்ப வருமானம், பிறந்த மாநிலம், சில இடங்களில் இனம். சுங்கை பூலோ இதற்கு நல்ல உதாரணம். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் நிற்கிறது. சரஸ்வதி தமிழ்ப்பள்ளியிலோ ஆர்.ஆர்.ஐ. தமிழ்ப்பள்ளியிலோ படித்து வளர்ந்த பிள்ளைக்கு வீட்டிலிருந்து மிக அருகில் உள்ள பல்கலைக்கழகம் அதுதான். ஆனால் யுஐடிஎம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது, நம் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியாது. இது சரியா தவறா என்ற வாதம் நாடு முழுக்க நடக்கிறது, நடக்கட்டும். விண்ணப்பம் நிரப்பும் அம்மாவுக்கு உடனே தேவைப்படுவது திறந்திருக்கும் கதவுகளின் பட்டியல்.

முதல் கதவு ஆறாம் படிவம். அரசு இடைநிலைப்பள்ளிகளிலும் ஆறாம் படிவக் கல்லூரிகளிலும் ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். கடைசியில் எஸ்.டி.பி.எம். சான்றிதழ். படிப்புக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே போய் வரலாம். இந்தப் படிப்புக்கு நம்மிடையே ஏனோ மதிப்புக் குறைவு. "இன்னும் ரெண்டு வருஷம் யூனிஃபார்ம் போடணுமா?" என்று பிள்ளையே முகம் சுளிக்கும். கஷ்டம் என்பதும் உண்மை. ஆனால் எஸ்.டி.பி.எம். சான்றிதழுக்கு உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. 2012இல் பருவமுறை வந்த பிறகு, எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதும் பழைய பாரமும் இல்லை. தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். கையில் காசில்லாத, ஆனால் படிக்கக்கூடிய பிள்ளைக்கு இதைவிட மலிவான பட்டப்படிப்புப் பாதை மலேசியாவில் இல்லை என்பது என் கருத்து.

இரண்டாவது மெட்ரிகுலேஷன். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு, விடுதியில் தங்கிப் படிப்பது. சிலாங்கூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி பந்திங்கில் இருக்கிறது. படிப்புச் செலவு அரசினுடையது, மாணவருக்குப் படிப்பணமும் உண்டு. எல்லாரும் கேட்பது இதைத்தான், கிடைப்பது குறைவு. 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராவுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற ஒதுக்கீடு தொடர்கிறது. 2019இல் மொத்த இடங்களை 25,000த்திலிருந்து 40,000த்துக்கு உயர்த்தியபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024 ஜூன் 30ஆம் தேதி பிரதமர் அன்வார் இப்ராஹிம், 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா மாணவருக்கும் இன வேறுபாடில்லாமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் 10 ஏ வேண்டுமென்றால் 10 பாடமாவது எடுத்திருக்க வேண்டும். ஒன்பதோடு நிறுத்திக்கொண்ட பிள்ளை அத்தனையிலும் ஏ வாங்கினாலும் அந்த உறுதிமொழிக்குள் வராது. நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது ஆசிரியர் கல்விக் கழகம், சுருக்கமாக ஐபிஜி. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு நேர்வழி இது. எஸ்.பி.எம்.மில் குறைந்தது 5 ஏ வேண்டும், தேர்வும் நேர்முகமும் உண்டு. ஓராண்டு ஆயத்தப் படிப்பு, பிறகு நான்காண்டு பட்டம். படிக்கும் காலத்தில் மாதப்படி, முடித்தால் அரசு நியமனத்தை நோக்கிய பாதை.

ஏ குவிக்காத பிள்ளைகளுக்கு போலிடெக்னிக். பலரும் இரண்டாம் தரமாக நினைக்கும் இடம். ஒரு பருவத்துக்குக் கட்டணம் 200 ரிங்கிட். டிப்ளோமா ஆறு பருவம் என்றால் மொத்தம் 1,200. ஷா ஆலமில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா போலிடெக்னிக் இருக்கிறது, சுங்கை பூலோவிலிருந்து தூரமில்லை. இந்த 1,200 ரிங்கிட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும். சமூகக் கல்லூரிகளும், இளைஞர் அமைச்சின் ஐகேபிஎன், மனிதவள அமைச்சின் ஐஎல்பி போன்ற தொழிற்பயிற்சிக் கழகங்களும் இதே வரிசையில் வரும். கையில் தொழில் இருந்தால் போதும் என்று நினைக்கும் பிள்ளைக்கு அவை போதும்.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். கல்விக் கண்காட்சியில் மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "அம்மா, உங்க மகளுக்கு 50 விழுக்காடு ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு. இன்னிக்கே 300 வெள்ளி கட்டி இடத்தைப் பிடிச்சிக்குங்க." கட்டுவதற்கு முன் அவரிடம் கட்டண அட்டவணையைக் கேளுங்கள். அதில் என்ன இருக்கும் என்பதைக் கணக்குக்காக ஓர் எண்ணிக்கை வைத்துப் பார்ப்போம். மூன்றாண்டு டிப்ளோமாவின் கல்விக் கட்டணம் 18,000 ரிங்கிட். பதிவுக் கட்டணம் 700. நூலகம், ஆய்வகம் என்று பருவத்துக்கு 400, ஆறு பருவத்துக்கு 2,400. தேர்வுக் கட்டணம் பருவத்துக்கு 250, மொத்தம் 1,500. வைப்புத்தொகை 500. கூட்டினால் 23,100. பாதி தள்ளுபடி என்றால் 11,550 கட்டினால் போதும் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்கு மட்டும். 18,000இல் 9,000 குறையும், மீதி எதுவும் குறையாது. நீங்கள் கட்டப்போவது 14,100. ஐம்பது என்று சொன்னது உண்மையில் 39 விழுக்காடு. போலிடெக்னிக்கின் 1,200ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தனியார் கல்லூரிகள் எல்லாமே இப்படி என்று சொல்ல வரவில்லை. துங்கு அப்துல் ரஹ்மான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எஸ்.பி.எம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தே கட்டணத்தை விலக்கித் தரும். சன்வே கல்வி நிறுவனங்களுக்குப் பின்னால் ஜெப்ரி சியா அறவாரியம் இருக்கிறது. பெட்ரோனாஸ், பேங்க் நெகாரா போன்ற பெரிய இடங்களின் உபகாரச் சம்பளம் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவையும் சேர்த்துத் தருவது, போட்டியும் அதற்கேற்ப. எதுவாக இருந்தாலும் மூன்று கேள்வி: எந்தக் கட்டணத்துக்குப் பொருந்தும், ஒவ்வொரு பருவமும் எவ்வளவு புள்ளி எடுத்தால் தொடரும், முடித்த பின் எத்தனை ஆண்டு வேலை செய்யும் ஒப்பந்தம். இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. முதல் பருவத்தில் சற்றுச் சறுக்கி, இரண்டாம் பருவத்திலிருந்து முழுக் கட்டணமும் கட்டும் நிலைக்கு வந்த குடும்பங்கள் கண்டிப்பாக உங்களுக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருக்கும். ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடும் மாமாவும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது, பிள்ளை பாதியில் விட்டால் கடிதம் அவருக்கும் வரும்.

பி.டி.பி.டி.என். பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். 1997இல் அமைந்த அந்தக் கழகம் தருவது கடன். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும். விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். முதல் வகுப்பில் பட்டம் பெறுவோருக்குக் கடன் விலக்கு உண்டு, அதன் நிபந்தனைகளைச் சேரும் ஆண்டின் அறிவிப்பில் பார்க்க வேண்டும். பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் முதல் நாள் பதிவுக்குக் காசில்லாத குறைந்த வருமானக் குடும்பத்துக்கு, கடனிலிருந்தே 1,500 ரிங்கிட்டை முன்பணமாக வாங்கும் வசதியும் அங்கே இருக்கிறது. பதிவுநாளுக்கு முந்தைய வாரம் நகையை அடகு வைக்க ஓடுவதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நம் சமூகத்துக்குள்ளேயே உள்ள உதவிகளும் உண்டு. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி உருவாக்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், அங்கத்தினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கிவருகிறது. தாத்தாவோ பாட்டியோ அந்தக் காலத்தில் சேர்ந்திருந்தால், பெட்டியில் கிடக்கும் பங்குப் பத்திரத்தைத் தேடி எடுத்து, அங்கத்துவத்தின் நிலையைச் சங்கத்தில் விசாரியுங்கள். ம.இ.கா.வின் கல்விக்கரமான எம்.ஐ.இ.டி. 1984 முதல் இயங்குகிறது, அங்கே பெரும்பாலும் கடனுதவி. மித்ராவும் சிலாங்கூர் மாநில அரசும் யாயாசான் சிலாங்கூரும் அவ்வப்போது அறிவிக்கும் உதவிகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு விதி மாறும். போன வருடம் பக்கத்து வீட்டுக்குக் கிடைத்ததை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு விஷயம் மீதமிருக்கிறது. கட்டணம் சுழியம் என்றாலும் பேருந்து, மதியச் சாப்பாடு, மடிக்கணினி, விடுதி எல்லாம் இருக்கின்றன. பல குடும்பங்களில் பிள்ளை படிப்பை விடுவது இங்கேதான். தமிழ்நாடு இதைக் கவனித்திருக்கிறது. அங்கே அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் கிடைக்கும் தொழிற்கல்வி இடங்களின் கட்டணத்தை மாநிலமே ஏற்கிறது. அதற்கு மேல் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 ஆகஸ்ட்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. கட்டணம் போகக் கைச்செலவுக்கும் காசு வேண்டும் என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டது அது. இங்கே அந்தக் கணக்கை வீட்டிலேதான் போட வேண்டும். சுங்கை பூலோவில் எம்.ஆர்.டி.யும் கே.டி.எம்.மும் இருப்பது ஒரு வசதி. மாதம் 50 ரிங்கிட்டுக்கான மை50 அட்டையில் எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., ரேப்பிட் பேருந்து எல்லாவற்றிலும் போய்வரலாம். கே.டி.எம்.முக்கு அது செல்லாது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரியையும், கட்டணமில்லாவிட்டாலும் தூர ஊரில் உள்ள கல்லூரியையும் ஒப்பிடும்போது இந்த 50ஐயும் விடுதிச் செலவையும் சேர்த்தே எழுதுங்கள்.

தேதி விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். 2021 முதல் 2025 வரை எஸ்.பி.எம். முடிவுகள் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே வெளிவந்தன. மெட்ரிகுலேஷனுக்கும், பொதுப் பல்கலைக்கழகம், போலிடெக்னிக் ஆகியவற்றுக்கான யுபியுவுக்கும் விண்ணப்பம் முடிவு வருவதற்கு முன்பே திறந்துவிடும். முடிவு வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடக்கூடும். அடையாள அட்டை நகல், பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் சம்பளச் சீட்டு, புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினக்கூலி வேலையில் சம்பளச் சீட்டு இருக்காது. அப்படியென்றால் வருமான உறுதிக் கடிதம் யாரிடம் வாங்க வேண்டும் என்பதை விண்ணப்ப விதியில் பார்த்து முன்கூட்டியே வாங்குங்கள், கடைசி நாளில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. புறப்பாடத்தை இங்கே சேர்க்கக் காரணம், பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளியில் 10 விழுக்காடு அதற்கு உண்டு.

கேட்டது கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான கால அவகாசம் குறுகியது, இணையத்தில் அறிவிப்பு வந்த அன்றே செய்துவிடுங்கள். பதில் வரும்வரை பிள்ளை வீட்டில் சும்மா இருக்க வேண்டியதில்லை, ஆறாம் படிவ வகுப்பில் போய் உட்காரலாம். வேறு இடம் கிடைத்தால் அங்கிருந்து விலகிக்கொள்ளலாம்.