மேனேஜர் வீட்டில் பேக்கப் இல்லை

"சார், நீங்க சாஃப்ட்வேர் கம்பெனியில மேனேஜர்னு சொல்றீங்க. புரோகிராம் எழுதறது பசங்க. டெஸ்ட் பண்றதும் பசங்க. அப்போ நீங்க என்னதான் சார் பண்றீங்க?"

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இது. கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கும் பேத்திக்காகவும் தனக்காகவும் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். அதை செட்டப் செய்து கொடுக்கப் போன இடத்தில், காபி டம்ளரை நீட்டிக் கொண்டே கேட்டார். இதே கேள்வியை என் மனைவியும் பல வருடங்களாகக் கேட்டு வருகிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை இந்த வேலைக்குப் போகலாம். எனவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். உங்கள் கம்ப்யூட்டருக்கு உடனே பயன்படும் ஒரு பாடமும் இதில் இருக்கிறது.

இரண்டு இலக்கத்தில் தொடங்கிய வேலை

1998-ல் சென்னையில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். அப்போது எங்கு பார்த்தாலும் ஒய்-டூ-கே பற்றித்தான் பேச்சு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் மெமரியும் டிஸ்க்கும் மிகவும் விலை அதிகம். எனவே இடத்தை மிச்சப்படுத்த, 1960 என்பதை வெறும் 60 என்று எழுதி வைத்தார்கள். 1960-ல் பிறந்தவருக்கு 1999-ல் என்ன வயது? 99-லிருந்து 60-ஐக் கழித்தால் 39. சரியாக வரும். 2000-ல்? 00-லிருந்து 60-ஐக் கழித்தால் மைனஸ் 60! இந்த ஆளுக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எப்படிக் கணக்கிடும்? இப்படிப்பட்ட இடங்களைப் பழைய புரோகிராம்களில் வரி வரியாகத் தேடித் திருத்துவதுதான் என் முதல் வேலை.

2003-ல் டீம் லீடர். 2008-ல் புராஜெக்ட் மேனேஜர். அன்றிலிருந்து நான் எழுதிய புரோகிராம் மிகவும் குறைவு. கேட்ட கேள்விகள்தான் அதிகம்.

கேள்வி கேட்பதும் ஒரு வேலையா?

ஓர் உதாரணம் பார்ப்போம். இன்ஷூரன்ஸ் விண்ணப்பத் திரையில் மொபைல் எண்ணுக்கு ஒரு புதிய கட்டம் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். புரோகிராமர், "மூன்று நாள் போதும்" என்பார். திரையில் கட்டம் போட மூன்று நாள் போதும்தான். ஆனால் அந்த எண்ணை எங்கே சேமிப்பது? மொபைல் எண் இல்லாத பழைய வாடிக்கையாளர்களின் பதிவுகளை என்ன செய்வது? அச்சடிக்கும் பாலிசியில் அது வர வேண்டுமா? ஒருவர் பத்து இலக்கத்துக்குப் பதில் ஒன்பது இலக்கம் அடித்தால்? இவற்றைக் கேட்டு, பதில் வாங்கி, யார் எதை எப்போது முடிப்பது என்று பிரித்துக் கொடுப்பது மேனேஜர் வேலை. மூன்று நாள் என்றது கடைசியில் மூன்று வாரமாகும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லித் திட்டு வாங்குவதும் அவர்தான்.

"அப்படியானால் இன்னும் பத்து பேரைப் போட்டு சீக்கிரம் முடிக்க வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரிப்பை நிர்வகித்த ஃபிரெட் புரூக்ஸ், 1975-ல் வெளியான தன் புத்தகத்திலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். தாமதமாகிவிட்ட சாஃப்ட்வேர் வேலையில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். காரணம், புதியவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியவர்கள் ஏற்கெனவே வேலை செய்து கொண்டிருப்பவர்கள். மேலும் 5 பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேச 10 ஜோடிகள். அதுவே 10 பேரானால் 45 ஜோடிகள். குக்கரில் சாதம் வேக 15 நிமிடம் என்றால், பக்கத்தில் மூன்று சமையல்காரர்கள் நின்றாலும் 5 நிமிடத்தில் வெந்துவிடாது அல்லவா?

திருத்திய சாஃப்ட்வேரை வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ஏற்றும் நாளுக்கு ரிலீஸ் என்று பெயர். அன்று என் கட்டாயக் கேள்வி ஒன்று உண்டு: "பேக்கப் எடுத்தாச்சா? அதைத் திறந்து பார்த்தாச்சா?" இரண்டுக்கும் ஆம் என்று பதில் வராமல் யாரையும் ஒரு கீயைக்கூட அழுத்த விடமாட்டேன்.

வீட்டில் வேறு கடிகாரம்

எங்கள் வாடிக்கையாளர் இருப்பது நியூயார்க்கில். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் வித்தியாசம். அவர்கள் காலையில் ஆபீஸ் வரும்போது இங்கே நாம் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். எனவே போன் மீட்டிங் எல்லாம் இரவில்தான். மகளின் பள்ளி ஆண்டு விழாவை இரண்டு முறை வீடியோவில்தான் பார்த்தேன்.

என் அப்பா 2011-ல் காலமானார். அதற்கு முந்தைய வருடம், பேத்திக்கு அவர் கதை சொல்வதை என் மனைவி செல்போனில் பதிவு செய்திருந்தாள். இருபது நிமிடம் இருக்கும். அதையும் குடும்பப் போட்டோக்களையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் 'அப்பா' என்ற போல்டரில் போட்டு வைத்தேன். "இதுக்கு ஒரு காப்பி எடுத்து வைங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் சொன்ன பதில்: "இந்த ரிலீஸ் முடியட்டும்."

டிசம்பர் 2015

அந்த நவம்பரிலேயே சென்னையில் மழை விடாமல் கொட்டியது. வாடிக்கையாளர் வேலை தடைபடக் கூடாது என்று எங்கள் கம்பெனி ஒரு குழுவைப் பெங்களூருக்கு அனுப்பியது. மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் வேலை முழுவதும் என் ஒருவனுக்குத்தான் தெரியும். எனவே நானும் போனேன். முடிச்சூரில் தரைத்தள வீட்டில் மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா.

டிசம்பர் 1 இரவு மனைவி போன் செய்தாள். "தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சு. நாங்க மாடி வீட்டுக்குப் போறோம்." அதன்பின் போன் கிடைக்கவில்லை. அடையாறு பெருகி ஊருக்குள் வந்த செய்தியை டிவியில் பார்த்தேன். கணக்கு முடிக்கும் வேலை பாதியில் நின்றது. நான் உடனே கிளம்பவில்லை. 2-ந் தேதி மதியம் வேலை முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பஸ் பிடித்து, மாறி மாறி வந்து, 4-ந் தேதி காலை இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தேன். மூவரும் மாடியில் நலமாக இருந்தார்கள். மகள் கேட்ட முதல் கேள்வி: "ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் பத்திரமா இருக்காப்பா?"

பத்திரமாகத்தான் இருந்தது. வாடிக்கையாளரின் டேட்டாவில் ஒரு எழுத்துகூடப் போகவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் மட்டும் மேஜைக்கு அடியில் மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது.

அவசரத்தில் நான் இன்னொரு தவறும் செய்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து ஆன் செய்தேன். டக் டக் என்று சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் காற்றுக்காக ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே தண்ணீர் புகுந்துவிடும். உள்ளே சுழலும் தட்டுக்கு வெகு நெருக்கத்தில், அதைத் தொடாமல் ஹெட் நகர்கிறது. காய்ந்த சேறு அதில் மாட்டினால் தட்டைச் சுரண்டிவிடும். நனைந்த டிஸ்க்கை ஆன் செய்யாமல், காயவும் வைக்காமல், டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுத்திருக்க வேண்டும். நான் கொண்டு போனபோது கையை விரித்துவிட்டார்கள்.

மனைவி 2009-ல் போட்டோக்களை ஒரு சிடியில் எழுதி மதுரையில் இருக்கும் அவள் அண்ணனுக்குக் கொடுத்திருந்தாள். அந்தப் போட்டோக்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. அப்பாவின் குரல் கிடைக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

கம்ப்யூட்டர் உலகில் 3-2-1 என்று ஒரு விதி உண்டு. முக்கியமான ஃபைல்களுக்கு 3 பிரதிகள். அவை 2 வகையான சாதனங்களில். அவற்றில் 1 வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். என் மனைவி தெரியாமலே கடைசி எண்ணைக் கடைப்பிடித்திருந்தாள்!

1. கம்ப்யூட்டரில் 'முக்கியம்' என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். போட்டோ, வீடியோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் அதற்குள் இருக்கட்டும்.

2. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு நாள் அந்தப் போல்டரைக் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் கழற்றி பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். இணைத்தே வைத்திருந்தால் வைரஸ் இரண்டையும் சேர்த்தே கெடுத்துவிடலாம்.

3. கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிலும் ஒரு பிரதி போடுங்கள். ஆனால் தானாக 'சிங்க்' ஆகும் போல்டரில் ஒரு ஃபைலை அழித்தால் இணையத்திலும் அது அழிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். அதை மட்டுமே நம்பக் கூடாது.

4. காப்பி செய்த ஃபைல்களில் நாலைந்தையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

எனக்கும் ஒரு பேக்கப்

வெள்ளத்துக்குப் பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. நான் பெங்களூர் போக வேண்டி வந்ததே, அந்த வேலை என் ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்ததால்தான். அதை அன்று வரை பெருமையாக நினைத்தேன். உண்மையில் அது மோசமான நிர்வாகம். 2016-ல் டீமில் இரண்டு பேருக்கு அதைக் கற்றுக் கொடுத்து, ஒவ்வொரு படியையும் எழுதி வைத்தோம். மூவரும் முறை போட்டுக் கொண்டோம். அந்த வருட ஆண்டு விழாவில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது காபி ஆறிவிட்டது. "அதாவது, ஏதாவது கெட்டுப்போனா என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிக்கிறது உங்க வேலை. அப்படித்தானே?" என்றார். நான் ஒரு மணி நேரம் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்தார். ஒன்று அவர் பீரோவில் இருக்கிறது. மற்றொன்று திருச்சியில், மகள் வீட்டில்.