குன்றத்தூரில் மூன்று கேள்விகள்

வைகாசிப் பூசம், பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமானின் குருபூஜைத் திருநாள். கோடை விடுமுறையை ஒட்டி வருவது. அவர் அவதரித்த குன்றத்தூர், தாம்பரத்துக் குடும்பங்களுக்குத் தொலைவன்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் வழியே சென்றால் வந்துவிடும். ஆயினும், அறுபத்துமூவரைக் குழந்தைக்குக் காட்ட வேண்டுமெனில் பலருக்கும் நினைவில் எழுவது பங்குனி மாத மயிலாப்பூர்தான். அவ்விழாவின் பெருமை பெரிது. எனினும், ஐந்து வயதுக் குழந்தை அந்த ஜனத்திரளில் காண்பது பெரியவர்களின் முதுகுகளையே. தோளில் ஏற்றிக்கொண்டாலும், இன்னார் இன்னார் என்று சொல்லித்தர அங்கே அமைதி ஏது?

குன்றத்தூரில் சொல்வதற்குக் குழந்தைக்கேற்ற கதையொன்று உண்டு, செவிவழி வந்தது. மலையினும் பெரியது எது, கடலினும் பெரியது எது, உலகினும் பெரியது எது என்று சோழ மன்னர் மூன்று கேள்விகள் அனுப்பினாராம். தந்தை திகைத்து நிற்க, சிறுவன் அருள்மொழித்தேவர் மூன்றுக்கும் திருக்குறளிலேயே விடை கண்டார். 124, 103, 102 ஆகிய குறள்களைப் புரட்டினால் அவ்விடைகள் கிடைக்கும். விடையை உடனே சொல்லிவிடாமல் குழந்தையையே முதலில் கேட்க வேண்டும். அது 'வானம்' என்று சொல்லட்டும், 'யானை' என்று சொல்லட்டும்; தவறில்லை. வெயிலில் களைத்த நேரத்தில் யாரேனும் ஒரு குவளை நீர் தந்தால், மூன்றாம் கேள்விக்கான விடை அப்போது அதன் கையிலேயே இருக்கும்.

அந்தச் சிறுவனே பின்னாளில் இரண்டாம் குலோத்துங்க சோழரின் (1133–1150) அமைச்சரானார். கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்து இறைவன்பால் கொண்ட அன்பினால், அதே பெயரில் சொந்த ஊரிலும் கோயில் எழுப்பினார். சுந்தரர் ஒரே பதிகத்தில் தொகுத்துப் போற்றிய அடியார்களை, நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார். சேக்கிழாரோ தில்லையில் அமர்ந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அவர்தம் வாழ்வை வரைந்தார். நூல் நிறைவுற்றதும் அவரை யானைமேல் ஏற்றி, மன்னரே பின்னிருந்து சாமரம் வீசினார் என்பர். குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த இடத்தைத்தான்.

எல்லா அடியார் வரலாறும் எல்லா வயதுக்கும் உரியவை அல்ல. சிறுத்தொண்டர் வரலாறு சிறிது காலம் பொறுக்கலாம். ஆனாயரின் குழலோசையும், திருநின்றவூர்ப் பூசலார் மனத்திலேயே கட்டிய கோயிலும் இப்போதைக்குப் போதும். பூசலார் கதையைக் கேட்ட பிள்ளை, கண்ணை மூடி ஒரு கோபுரம் கட்டிப் பார்க்காமல் இராது.

வைகாசி வெயிலில் பிராகாரக் கல் பிஞ்சுப் பாதங்களைச் சுட்டுவிடும். ஆகவே காலை இளவெயிலிலோ மாலையிலோ செல்வது நலம். குழந்தை சிணுங்கத் தொடங்கினால், ஊர்வலம் முடியவில்லையே என்று நிற்க வேண்டியதில்லை. குன்றின் மேலுள்ள முருகன் சந்நிதியை மற்றொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.