ஈலியமும் பாறையின் அகவையும்

மரத்தின் அகவையை அதன் வளையங்கள் கூறும். பாறைக்கு அத்தகைய வளையம் இல்லை. ஆயினும், சில கனிப்பொருள்கள் தம் அகவைக்குரிய சான்றைத் தம்முள்ளே கொண்டுள்ளன. இவ்வுண்மை புலப்படுதற்குப் பெருந்துணை புரிந்தவற்றுள் இலங்கைக் கனிப்பொருள் ஒன்றும் உண்டு.

கொழும்பிற் பிறந்து, பிற்காலத்திற் கலையாராய்ச்சியால் உலகப் புகழெய்திய ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வின் பணிப்பாளராக விளங்கினார். அக்காலத்திற் பலாங்கொடைப் பகுதியில், இரத்தினக்கல் அகழும் சரளையிடையே கிடைத்த கரிய, பாரமிக்க கல்லொன்று அவர் ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. இலண்டனில் அதனைப் பகுத்தாய்ந்த டன்ஸ்டன், 1904 இல் அதனைப் புதிய கனிப்பொருளெனத் துணிந்து தோரியனைற்று எனப் பெயரிட்டார்.

தோரியமும் யுரேனியமும் இடையறாது சிதைந்து ஈற்றில் ஈயமாவன. அச்சிதைவில் வெளிப்படும் அல்பாத் துணிக்கை ஈலிய அணுவின் கருவேயாகும். யுரேனியம் 238 அணு ஒன்று ஈயமாகுமுன் எட்டு ஈலிய அணுக்களையும், தோரியம் 232 அணு ஒன்று ஆறு ஈலிய அணுக்களையும் ஈனும். எனவே, கல்லில் தேங்கிய ஈலியத்தை ஆண்டுதோறும் தோன்றும் ஈலியத்தால் வகுப்பின் அகவை பெறப்படும்.

1910 இல் ஸ்திரட் என்னும் ஆங்கில அறிஞர் இக்கணக்கைத் தோரியனைற்றிற் செய்து காட்டினார். கிராம் ஒன்றில் தேங்கியிருந்த ஈலியம் ஏறக்குறைய ஒன்பது கன சதமமீற்றர். ஓராண்டில் தோன்றுவதோ ஒரு கன சதமமீற்றரில் ஏறக்குறைய இரண்டே முக்காற் கோடியில் ஒரு பங்கே. அகவை இருபது கோடி ஆண்டுக்கு மேற்பட்டது. பூமிக்கே இரண்டு முதல் நான்கு கோடி ஆண்டே உண்டென 1897 இற் கெல்வின் வரையறுத்திருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும், ஈலியம் கல்லினின்று கசிந்தோடும் இயல்பினது. அதனால், தாம் கண்டது மிகக்குறைந்த அகவையே எனக் கொண்டார் ஸ்திரட். ஈயத்தைக் கொண்டு கணிக்கும் முறை பின்னர் அதனினும் நம்பத்தக்கதாயிற்று. ஈலிய முறை நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது.

இக்குறையே பின்னர்ப் பயனாயிற்று. வெப்பம் மிகுந்துழி ஈலியம் தப்பியோடும். கல் குளிர்ந்தபின்னரே தங்கும். சிர்க்கோன் மணியில் இவ்வெல்லை ஏறக்குறைய 180 பாகை செல்சியசு; அப்பற்றைற்றில் 70 பாகை. இலங்கைச் சிர்க்கோன் மணிகள் சிலவற்றுக்கு ஈயக் கணக்கு ஏறக்குறைய 56 கோடி ஆண்டு தர, ஈலியக் கணக்கு நாற்பது கோடியைச் சிறிதே கடக்கின்றது. இரண்டும் பிழையல்ல, முன்னது மணி தோன்றிய காலம், பின்னது அது குளிர்ந்த காலம். மலைகள் உயர்ந்து தேய்ந்த வரலாற்றையும் இதனால் அறியலாம்.

கசிந்த ஈலியமும் வீண்போவதில்லை. அது நிலத்தடி நீரிற் கலக்கின்றது. நீர் பாறையிடையே தங்குந்தோறும் அதன் அளவு பெருகும். அவுஸ்திரேலியாவின் பேரார்த்தீசிய வடிநிலத்தில் நீரின் முதுமையை அறிய இம்முறை பயன்பட்டது. ஆங்கும் புவியோட்டின் ஆழத்தினின்று வந்துசேரும் ஈலியத்தைக் கழித்தே கணக்கிடல் வேண்டும். எவ்வளவு ஈலியம் உண்டென்பதோடு, அஃது எங்கிருந்து வந்தது, எப்போது தங்கியது என்பனவும் தெளிந்தாலன்றி அகவை துணிதல் ஒல்லாது.