மிதிவண்டியும் மலைப்பாதையும்

தஞ்சைத் தரணியில் பிறந்து வளர்ந்த மாணவருக்கு ஏற்றம் என்பது ஆற்றுப் பாலத்து மேடுதான். தஞ்சை நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து நாகப்பட்டினம் வரை, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், நிலம் இறங்குவது அவ்வளவே. வாய்க்கால் நீர் உணரும் இச்சரிவை மிதிவண்டியில் செல்பவர் உணர்வதில்லை. இத்தகைய சமவெளியில் பழகியவர் மிதிவண்டியில் மலையைக் கடக்க இயலுமா? இயலும். அதற்கு வேண்டுவது முரட்டு வலிமையன்று. உயரத்தைப் பங்கிடும் அறிவு.

ஒரு பயணத்தை எண்ணிப் பார்ப்போம். தஞ்சையிலிருந்து திருச்சி, குளித்தலை, கரூர், ஈரோடு வழியாகப் பவானியை அடைகிறோம். அங்கே காவிரியில் கலக்கும் பவானியாற்றை எதிர்த்து மேற்கே சென்றால் மேட்டுப்பாளையம் வரும். எதிரே நிற்பது நீலகிரி. நம் வயல்களுக்கு வரும் நீரில் ஒரு பங்கு இம்மலையில் பெய்த மழையே. மேட்டுப்பாளையத்தின் உயரம் ஏறக்குறைய 330 மீட்டர்; உதகமண்டலத்தின் உயரம் 2,240 மீட்டர். குன்னூர் வழியாகச் செல்லும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்ச் சாலையில் 1,900 மீட்டர் ஏறியாக வேண்டும்.

இவ்வுயரத்தை முதலில் பங்கிடுவது சாலை. கொண்டையூசி வளைவுகள் வழியை நீளச் செய்து சரிவைக் குறைக்கின்றன. 1899இல் குன்னூரை எட்டிய இருப்புப்பாதை வேறொரு வழி கண்டது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் கடுமையான ஏற்றத்தில் ரயில் அதனைப் பற்றி ஏறுகிறது.

இரண்டாவதாகப் பங்கிடுவது கியர். சாதாரண மிதிவண்டியில் முன்னே 48 பற்களும் பின்னே 18 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் நகரும். சாலை 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்வதாகக் கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் நம்மையும் வண்டியையும் 30 சென்டிமீட்டர் தூக்குகிறோம். முன்னும் பின்னும் பற்கள் சமமாயின், தூக்கும் உயரம் 11 சென்டிமீட்டரே. திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு உயரமான படிகள் சிலவற்றில் ஏறுவதற்கும், சிறிய படிகள் பலவற்றில் ஏறுவதற்கும் உள்ள வேறுபாடே இது. செய்யும் வேலை குறைவதில்லை. ஒரு முறைக்கான சுமையே குறைகிறது.

அவ்வேலைக்கு விலையும் உண்டு. ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ எனின், உதகை வரை ஏற ஏறக்குறைய அரைக் கிலோ அரிசியில் அடங்கிய ஆற்றல் செலவாகும். நம் வயலில் விளைந்ததே நம்மை மலைமேல் ஏற்றுகிறது.

மூன்றாவது பங்கீடு நாட்களால் ஆவது. இது உயிரைக் காப்பது. லடாக்கின் லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு வடக்கே உள்ள கார்டுங் லா கணவாயின் உயரம் ஏறக்குறைய 5,360 மீட்டர். மிதிவண்டிப் பயணிகள் பலர் அதனைக் கடந்துள்ளனர். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வாறே குறைகிறது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மேலே செல்லாது ஓய்வு கொள்ளவேண்டும். தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே ஏறுவதை நிறுத்துக. நடை தள்ளாடினாலோ, அறிவு மயங்கினாலோ, ஓய்விலும் மூச்சு முட்டினாலோ, அக்கணமே கீழே இறங்குக. கால் வலிமை மிக்க இளைஞரையும் இந்நோய் விடுவதில்லை.

இறங்கும்போதும் கவனம் தேவை. ஏறிச் சேர்த்த ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக மாறும். வேகம் மிகுந்த பின் இறுக்கிப் பிடிப்பதைவிட, வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து வேகத்தைத் தணிப்பதே நன்று. மழையில் இன்னும் முன்னதாகவே பிடித்தல் வேண்டும்.

பெருகி வரும் காவிரியைக் கல்லணையில் பிரித்து, வாய்க்கால் வாய்க்காலாக வயல்தோறும் பங்கிட்ட நாடு நம் நாடு. பெரியதைப் பங்கிட்டு ஆளும் கலை நமக்குப் புதிதன்று. நீரில் கற்ற அப்பாடத்தை மலையிலும் மறவாதிருந்தால், கணவாய் நமக்கு வழிவிடும்.