கிளைக்கதையும் பெருங்கதையும்

படக்கதை நூல்களைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்குவார் உளர். அவற்றுள்ளும், பெரியதொரு கதையின் கிளையாய் வெளிவருவனவற்றைத் தலையும் காலும் இல்லாதன எனப் பழிப்பார் பலர். அப்பழி பொருந்துமோ என ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டு மார்வெல் பதிப்பகத்தார் 2006, 2007ஆம் ஆண்டுகளில் 'சிவில் வார்' என்னும் பெருங்கதையை 7 இதழ்களாக வெளியிட்டனர். எழுதியவர் மார்க் மில்லர். சித்திரம் வரைந்தவர் ஸ்டீவ் மெக்னிவன். ஸ்டாம்ஃபோர்டு நகரில், இளவீரர் சிலர் புகழ் வேட்கையால் தொடுத்த சண்டையில் வெடிப்பு நிகழ, சிறுவர் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின், வீரர் யாவரும் தம் உண்மைப் பெயரை அரசினரிடம் பதிவு செய்தல் வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. அயர்ன்மேன் அதனை ஆதரித்தான். கேப்டன் அமெரிக்கா எதிர்த்தான். தோழர் பகைவராயினர். பிற வீரர்தம் இதழ்களும் இப்போரில் வந்து கலந்தன.

அவ்வாறு கலந்தவற்றுள் ஒன்று 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 532 முதல் 538 வரையுள்ள இதழ்களின் தொகுப்பு. எழுதியவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி; வரைந்தவர் ரான் கார்னி. இதனை மட்டும் கற்பார்க்கு இடர்ப்பாடு உண்டென்பதை யாம் மறுக்கிலேம். போரின் தோற்றமும், கேப்டன் அமெரிக்கா சரணடையும் முடிவும் பெருங்கதையிலேயே விரிகின்றன. ஒன்றை வாங்கினார் மற்றதையும் வாங்குக என்னும் வணிக நோக்கமும் இதன்கண் உண்டு.

ஆயினும், பெருங்கதை சுருங்கக் கூறுவதை இத்தொகுப்பு விரித்துரைக்கின்றது. 1962ஆம் ஆண்டு தோன்றிய ஸ்பைடர்மேன், பெருங்கதையின் 2ஆம் இதழில் செய்தியாளர் முன் முகமூடியைக் களைந்து, தான் பீட்டர் பார்க்கர் என வெளிப்படுத்துகின்றான். ஆங்கு அஃது ஒரு காட்சி. தொகுப்பிலோ, அதற்குமுன் மனைவி மேரி ஜேனுடனும், தன்னை வளர்த்த பெரிய தாயார் மேயுடனும் அவன் கலந்து ஆராய்தலைக் காண்கின்றோம். பதிவு செய்ய மறுத்தோர் விசாரணையின்றி அடைக்கப்பட்ட சிறையைக் கண்ணுற்று அவன் உள்ளம் கலங்குதலும், பின்னர் அணி மாறுதலும் படிப்படியாய் விளங்குகின்றன. பெருங்கதை புறமெனின், இஃது அகம் எனலாம்.

இறுதியில், சிறையிலிருந்த பகைவன் கிங்பின் ஏவிய கொலைஞன் சுட்ட குண்டு மே அம்மையாரின்மேல் பாய்கின்றது. பெயரை வெளியிட்டவன் பீட்டர். விலை கொடுத்தவர் அவன் இல்லத்தார். சட்டம் நன்றோ தீதோ என்னும் வழக்கைப் பெருங்கதை மன்றத்தில் நிறுத்துகின்றது. அவ்வழக்கின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதைக் கிளைக்கதையே காட்டுகின்றது.

ஆதலின், கற்க விழைவோர் 532ஆம் இதழின்பின் பெருங்கதையின் 2ஆம் இதழையும், 536ஆம் இதழின்பின் 5ஆம் இதழையும் இடையிட்டுக் கற்பாராக. நிகழ்ந்தது யாதென ஒன்றும், நிகழ்ந்தது ஏனென மற்றொன்றும் புலப்படுத்தும்.