இரண்டு லைன் போட்டால் இரட்டை வேகமா?

வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. 50 எம்பிபிஎஸ் தரும் சிம் ரவுட்டர் ஒன்றும் வாங்கியாயிற்று. இரண்டையும் சேர்த்தால் 150 வராதா? டீயைக் குடியுங்கள், பொறுமையாகப் பார்ப்போம்.

கடையில் கிடைக்கும், இரண்டு இணைய லைனை ஏற்கும் சாதாரண டூயல் வேன் (WAN) ரவுட்டர் வேலையைப் பங்கு போடும், அவ்வளவுதான். மகள் பார்க்கும் வீடியோ ஃபைபரில் போகும், உங்கள் ஆபீஸ் மீட்டிங் சிம்மில் போகும். வீட்டுக்கு மொத்தமாக 150 கிடைக்கலாம். ஆனால் ஒரு பெரிய ஃபைலை ஒரே தொடர்பில் இறக்கினால், அது ஏறிய லைனின் வேகம்தான் கிடைக்கும். ஏனென்றால் லைனுக்கு ஒரு ஐபி முகவரி. டிசிபி தொடர்புக்கு இரு முனைகளின் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும்தான் அடையாளம். பாதித் தரவு வேறு முகவரியிலிருந்து வந்தால் எதிர்முனை சர்வர் அதைச் சேர்த்துக்கொள்ளாது.

நிஜமாகவே ஒன்றாக்குவதற்குப் பெயர் பாண்டிங். அதற்கு மறுமுனையிலும் ஆள் வேண்டும். உங்கள் ரவுட்டர் பாக்கெட்டுகளுக்கு எண் போட்டு இரண்டு லைனிலும் பிரித்து அனுப்பும். எங்கோ இருக்கும் வாடகை சர்வர் அவற்றை வரிசைப்படுத்தி, தன் ஒற்றை முகவரியிலிருந்து வெளியே அனுப்பும். டிவி நிருபர்கள் முதுகில் சுமக்கும் நேரலைப் பையும் இப்படித்தான்: பைக்குள் பல சிம், நிலையத்தில் சேர்த்துக்கொள்ளும் சர்வர். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஆப்பிள் தன் குரல் உதவியாளர் சிரிக்குப் (Siri) பயன்படுத்திய, ஒரே தொடர்பைப் பல லைன்களில் ஓட்டும் மல்ட்டிபாத் டிசிபியும் இரு முனைக்கும் தெரிந்திருந்தால்தான் வேலை செய்யும். 2020-இல் வெளியான லினக்ஸ் 5.6 கெர்னலில் அது சேர்ந்தது.

இதிலும் ஒரு சிக்கல். ஃபைபர் பாக்கெட் 10 மில்லிசெகண்டில் வந்து, சிம் பாக்கெட் 80 மில்லிசெகண்டில் வந்தால், முந்தி வந்த பாக்கெட் பிந்தி வரும் பாக்கெட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். மெதுவான லைன் சில நேரம் வேகமானதையும் சேர்த்து இழுத்துவிடும்.

அதனால் முதலில் உங்கள் குறை என்னவென்று பாருங்கள். வேகம் போதவில்லையா? பெரும்பாலும் ஃபைபர் பிளானை உயர்த்துவதே மலிவு. அடிக்கடி அறுந்துபோகிறதா? ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்கு மாறும் ஃபெயில்ஓவர் போதும். மாறும்போது வீடியோ கால் சில நொடி தடுமாறும். ஆனால் இரண்டு லைனுமே ஃபைபராக இருந்து ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே லாரி இரண்டையும் அறுத்துவிடும். ஒன்று ஃபைபர், ஒன்று சிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் வீட்டில் இரண்டுமே அணையும் என்பதால், ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸை முதலில் வாங்குங்கள்.